டெலிவரி ரைடருக்கு நிமிடங்கள் எங்கே தொலைகின்றன?

கேள்வி:

"அண்ணா, எனக்கு 27 வயது. துபாயில் இரண்டு வருடம் ஒரு குடோனில் பேக்கிங் வேலை பார்த்தேன். பைக் லைசென்ஸ் எடுத்து, மூன்று வாரத்துக்கு முன்னால் உணவு டெலிவரி ரைடராகச் சேர்ந்திருக்கிறேன். ஆப்புக்கு ஆள் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. துபாய் மரீனா, ஜேஎல்டி (ஜுமைரா லேக்ஸ் டவர்ஸ்) என்ற அடுக்குமாடிப் பகுதிகள்தான் என் ஜோன். பத்து மணி நேர ஷிப்டில் ரூமில் இருப்பவர்கள் 22, 24 ஆர்டர் முடிக்கிறார்கள். நான் 12 தாண்டவில்லை. டவரைக் கண்டுபிடிக்கவே நேரம் போய்விடுகிறது. கஸ்டமர் பேசும் ஆங்கிலம் பாதி புரிவதில்லை. டீம் லீடர், 'வண்டியை முறுக்கு, இல்லையென்றால் ஆளை மாற்றிவிடுவேன்' என்கிறார். வேகமாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. போன வாரம் ஒரு ஆர்டர் கொட்டிப்போனது, அதைச் சம்பளத்தில் பிடிப்போம் என்கிறார்கள். பாஸ்போர்ட்டும் கம்பெனியிடம்தான் இருக்கிறது. பைக் ஓட்டுகிறேன் என்று மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை, குடோனில்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த வேலை எனக்கு வருமா? இப்போதே விட்டுவிடலாமா?"

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், துபாய்)

பதில்:

தம்பி, விட வேண்டாம். மூன்று வாரத்தில், அதுவும் மரீனா மாதிரி ஒரு ஜோனில், 12 ஆர்டர் முடிப்பவருக்கு இந்த வேலை வராது என்று நான் சொல்ல மாட்டேன். ரைடர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில். அதற்கு முன்னால் நானும் அதே பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு அதே ஊரில் ஓட்டியவன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது 12 என்ற எண் இல்லை. "வண்டியை முறுக்கு" என்று உங்களிடம் சொல்லப்பட்ட வார்த்தைதான். அந்த அறிவுரை ஆபத்தானது. அது தவறான கணக்கும்கூட. அதை முதலில் பார்ப்போம்.

பத்து மணி நேரம் என்றால் 600 நிமிடம். உங்களுக்கு ஒரு ஆர்டருக்கு 50 நிமிடம் ஆகிறது, 24 முடிப்பவருக்கு 25 நிமிடம். வித்தியாசம் 25 நிமிடம். இப்போது சாலையைப் பாருங்கள். உங்கள் ஜோனில் ஓர் ஆர்டருக்கு மூன்று கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு நாலரை நிமிடம். உயிரைப் பணயம் வைத்து 60-இல் போனால் மூன்று நிமிடம். மிச்சமாவது ஒன்றரை நிமிடம், அதையும் அடுத்த சிக்னல் தின்றுவிடும். 25 நிமிடத்தைச் சாலையில் யாராலும் சம்பாதிக்க முடியாது. உங்கள் ரூம் நண்பர்கள் அதைச் சாலையில் சம்பாதிக்கவும் இல்லை. ஆர்டர் எடுக்கும் இடத்திலும், பார்க்கிங்கிலும், டவர் வாசலிலும், லிஃப்டுக்குள்ளும் சம்பாதிக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் "பழகிவிட்டது" என்பார்கள். என்ன பழகியது என்று அவர்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் வேலை கற்றுக்கொள்வது.

ஒரு வாரம் மட்டும் இதைச் செய்யுங்கள். ஒரு சின்ன நோட்டு வாங்கி, ஒவ்வொரு ஆர்டருக்கும் நான்கு நேரங்களைக் குறியுங்கள். ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தது, சாப்பாடு கைக்கு வந்தது, டவர் கீழே வண்டியை நிறுத்தியது, கஸ்டமர் கையில் கொடுத்தது. வண்டியை நிறுத்திய பிறகுதான் எழுத வேண்டும், ஓடும்போது கூடாது. வாரக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். மூன்றாவது நேரத்துக்கும் நான்காவது நேரத்துக்கும் நடுவில்தான் உங்கள் நாள் கரைகிறது என்று நினைக்கிறேன். புது ரைடர்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான்.

அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மரீனாவும் ஜேஎல்டியும் மேப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவே ஷேக் ஜாயித் சாலை ஓடுகிறது. நடந்து போகிறவர்களுக்கு மெட்ரோ நிலையப் பாலம் இருக்கிறது, வண்டிக்கு அது கிடையாது. எதிரே தெரியும் டவருக்குப் போக இன்டர்சேஞ்ச் (சாலைகள் பிரியும் மேம்பாலச் சந்திப்பு) வரை போய்ச் சுற்றி வர வேண்டும். ஓர் எக்சிட்டைத் தவறவிட்டால் அடுத்த எக்சிட் வரை ஓட வேண்டியதுதான். மரீனாவுக்குள்ளும் இதே கதை. நடுவில் நீர்வழி இருக்கிறது, பாலங்கள் சில இடங்களில்தான். மேப் 300 மீட்டர் என்று காட்டும், நீங்கள் நிற்பது தண்ணீருக்கு இந்தப் பக்கமாக இருக்கும். ஆகவே உங்கள் முதல் பாடம், எந்தப் பாலம் எந்தச் சாலையில் இறக்கிவிடும் என்பது. டவர்கள் அப்புறம்.

டவர்களுக்கு இரண்டு முகம் உண்டு. மரீனாவில் நீர்ப்பக்கம் நடைபாதையும் கடைகளும் இருக்கும், வண்டி வாசல் பெரும்பாலும் பின்னால் சாலைப்பக்கம். ஜேஎல்டியிலும் அப்படியே, ஏரிப்பக்கம் ஒன்று, சாலைப்பக்கம் ஒன்று. ஹோட்டல்கள் பல ஏரிப்பக்கத்தில் இருக்கும். வண்டியைச் சாலைப்பக்கம் நிறுத்திவிட்டு எந்தப் படியில் இறங்கினால் சீக்கிரம் என்பதை ஒரு தடவை நடந்து பார்த்தால்தான் தெரியும். ஜேஎல்டியில் டவர்கள் க்ளஸ்டர் என்ற கூட்டங்களாக நிற்கும். அவற்றுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர், ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் மூன்று டவர்கள் நெருங்கி நிற்கும். எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் தவறான டவரின் இருபதாவது மாடியில் போய் மணியடிப்பீர்கள். அப்படி ஒரு தடவை ஏறி இறங்கினால் எட்டு, பத்து நிமிடம் போச்சு.

லீவு நாளில் வண்டி இல்லாமல், பெட்டி இல்லாமல், உங்கள் ஜோனில் நடங்கள். இதை நான் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. எல்லாரும் முகம் சுளிப்பார்கள், இருக்கும் ஒரு லீவையும் வேலையிடத்திலா கழிப்பது என்று. நியாயமான சுளிப்புதான். இரண்டு லீவு, அதிலும் மாலை மூன்று மணி நேரம் போதும். ஒரு நாள் மரீனா, ஒரு நாள் ஜேஎல்டி. டவரின் பெயர், வண்டி வாசல் எந்தப் பக்கம், பைக் எங்கே நிறுத்த விடுகிறார்கள், செக்யூரிட்டி என்ன கேட்கிறார், டெலிவரிக்காரர்களுக்கு எந்த லிஃப்ட். இந்த ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அடிக்கடி வரும் டவர்கள் ஒரு முப்பதுதான் இருக்கும், எண்ணிப் பாருங்கள். அந்த முப்பதும் தெரிந்துவிட்டால் ஜோன் கைக்குள் வந்துவிடும்.

மகானி எண்ணை உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாததால் கேட்கிறேன். துபாயில் கட்டட வாசல்களுக்கு மாநகராட்சி பத்து இலக்க எண் கொடுத்திருக்கிறது. வாசல் பக்கத்தில் சின்னப் பலகையில் இருக்கும். பெரிய கட்டடத்துக்கு வாசல் பல என்றால் எண்ணும் தனித்தனியாக இருக்கும். மகானி ஆப்பில் அந்தப் பத்து இலக்கத்தைப் போட்டால் அந்த வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தும். கஸ்டமர் மேப்பில் போடும் லொகேஷன் குறி சில சமயம் நீச்சல் குளத்தின் மேல் விழுந்திருக்கும், சில சமயம் பக்கத்து டவர் மேல். உங்களுடைய முப்பது டவர்களின் மகானி எண்களையும் அந்த நோட்டில் எழுதி வையுங்கள்.

செக்யூரிட்டிகளிடம் நல்லபடி இருங்கள். அவர்களும் நம்மைப் போலத் தூரத்திலிருந்து வந்து பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர்கள். சலாம் சொல்லி, கேட்கும் முன் எமிரேட்ஸ் ஐடியை (இந்த நாட்டின் அடையாள அட்டை) நீட்டி, பதிவேட்டில் எழுதச் சொன்னால் முணுமுணுக்காமல் எழுதுங்கள். அவசரத்தில் ஒருநாள் கோபமாகப் பேசிவிட்டால் அந்த டவரில் ஆறு மாதம் சர்வீஸ் லிஃப்டுக்குக் காத்திருப்பீர்கள்.

அடுத்தது ஹோட்டல். உள்ளே போனதும் ஆர்டர் எண்ணின் கடைசி இலக்கங்களைச் சொல்லி, "எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள். ஓரமாகப் போய் மொபைலைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கண்ணுக்குப் படுகிறவனுக்குத்தான் பார்சல் முதலில் வரும். எந்தக் கிச்சன் எந்த நேரத்தில் தாமதம் செய்யும் என்பது இரண்டு வாரத்தில் உங்கள் நோட்டிலேயே தெரிந்துவிடும். கிளம்பும் முன்னால் பையின் சீல், உருப்படிகளின் எண்ணிக்கை, குளிர்பானம் மூன்றையும் பாருங்கள். குளிர்பானத்தை மறந்து திரும்பி வருவது இந்தத் தொழிலில் மிகவும் வீணான பயணம்.

கொட்டிப்போன ஆர்டருக்கு வருகிறேன். குழம்பு, சூப் மாதிரி திரவம் இருந்தால் பையைப் பெட்டியின் மூலையில் வைத்து, காலி இடத்தைத் துணியாலோ ஸ்பாஞ்சாலோ அடைத்துவிடுங்கள். பெட்டி பாதி காலியாக இருக்கும்போதுதான் ஸ்பீட் பிரேக்கரில் பை சாயும். சூடானதையும் குளிர்ந்ததையும் ஒட்டி வைக்காதீர்கள். மூடி சரியில்லை என்று பட்டால் ஹோட்டலிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள், கேட்டால் மாற்றித் தருவார்கள். மாற்ற மறுத்தால் ஒரு போட்டோ எடுத்து ஆப்பின் சப்போர்ட்டுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். பின்னால் கேள்வி வந்தால் அந்தப் போட்டோதான் உங்களுக்காகப் பேசும்.

மொழி பற்றிப் பயப்படுகிறீர்கள். கஸ்டமர் சொல்வதெல்லாம் புரிய வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டிய தகவல் மூன்றுதான்: டவர் பெயர், எந்த வாசல், வீட்டு எண். பேச்சை உங்கள் கேள்வியில் தொடங்குங்கள். "ஹலோ சார், ஃபுட் டெலிவரி. டவர் நேம் ப்ளீஸ்? விச் என்ட்ரன்ஸ்? அபார்ட்மென்ட் நம்பர்?" என்று வரிசையாகக் கேட்டு, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். தவறாக இருந்தால் அவரே திருத்துவார். அப்படியும் புரியவில்லை என்றால், "சார், ப்ளீஸ் சென்ட் லொகேஷன் ஆன் சாட்" என்று சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அரபி பேசுகிறவர் என்றால் யமீன் வலது, யசார் இடது, சீதா நேராக. இந்த மூன்றும் ஒரு ஷுக்ரனும் நெடுநாள் ஓடும். போன் பேசுவது வண்டி நின்ற பிறகுதான். வண்டி ஓட்டும்போது மொபைலைக் கையில் எடுத்தால் 800 திர்ஹாம் அபராதம், லைசென்ஸில் தவறுக்காகச் சேரும் கரும்புள்ளி நான்கு.

சாலைக்கு வருவோம். சம்பாத்தியம் சாலையில் இல்லை என்றேன். உயிர் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் வளர்ந்த ஊரில் இடதுபக்கம் ஓட்டினீர்கள். இங்கே வலதுபக்கம். லைசென்ஸ் எடுத்துவிட்டதால் கை பழகியிருக்கும், ஆனால் அலுப்பான நேரத்தில் பழைய பழக்கம் தலைதூக்கும். குறிப்பாக இரண்டு சமயங்களில். ஒன்று, காலியான தெருவில் வண்டியைப் புதிதாகக் கிளப்பும்போது. எதிரே வண்டி வந்தால் நினைவு வந்துவிடும், காலித் தெருவில் நினைவூட்ட யாரும் இல்லை. இன்னொன்று, இடதுபக்கம் திரும்பும்போது. இரண்டுக்கும் ஒரே சோதனைதான்: நடுக்கோடு உங்கள் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் அதைப் பாருங்கள். ரவுண்டபவுட்டில் வண்டிகள் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும், இடதுபக்கமிருந்து வருகிறவருக்கு முன்னுரிமை. நம் கண் பழக்கத்தில் வலதுபக்கம்தான் முதலில் போகும். அதனால் ரவுண்டபவுட் நெருங்கும்போது வாய்விட்டே "இடது" என்று சொல்லிப் பழகச் சொல்கிறேன், என்னிடம் வரும் எல்லாருக்கும். ஹெல்மெட்டுக்குள் சொல்வது வேறு யாருக்குக் கேட்கப் போகிறது?

உங்கள் ஜோனில் டிராம் ஓடுகிறது. மற்ற ஜோன் ரைடர்கள் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் பைக் டயர் பள்ளத்தில் சிக்கும் அல்லது வழுக்கும், ஈரமாக இருந்தால் நிச்சயம் வழுக்கும். முடிந்தவரை நேர்குறுக்காக, பிரேக் பிடிக்காமல், வண்டியைச் சாய்க்காமல் கடக்க வேண்டும். டிராம் சிக்னல் சிவப்பில் நின்றால் நின்றதுதான், பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் சரி.

2025 நவம்பர் 1 முதல் துபாயில் டெலிவரி பைக்குகளுக்கு வேகப் பாதைகள் கிடையாது. ஐந்து அல்லது அதற்கு மேல் பாதைகள் உள்ள சாலையில் இடது ஓரம் இரண்டு பாதைகளிலும், மூன்று அல்லது நான்கு பாதைகள் உள்ள சாலையில் இடது ஓரப் பாதையிலும் போகக் கூடாது. முதல் தடவை 500 திர்ஹாம், இரண்டாவது தடவை 700. சிவப்பு சிக்னலைத் தாண்டினால் 1000 திர்ஹாம், 12 கரும்புள்ளி, வண்டி 30 நாள் பிடித்துவைக்கப்படும். 24 கரும்புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கம். அதாவது இரண்டே சிக்னல். இந்தக் கணக்கை டீம் லீடரிடம் மரியாதையாகவே சொல்லலாம். அபராதம் வந்தால் அது யார் தலையில் விழும் என்பது அவருக்கும் தெரியும்.

நடைபாதையில் ஏறுவது, ஒருவழிப் பாதையில் எதிரே போவது இதெல்லாம் ரூம் நண்பர்கள் செய்வதாகச் சொல்வார்கள். அவர்கள் நல்லவர்களாக இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

இப்போது குளிர்காலம், அதனால் வெயிலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஜூனில் தெரியும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு, ஆனால் டெலிவரி அந்த நேரத்திலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். துபாயில் ரைடர்களுக்கென்று ஏசி போட்ட ஓய்வறைகள் நாற்பது கட்டியிருக்கிறார்கள், குடிநீரும் மொபைல் சார்ஜ் செய்யும் வசதியும் இருக்கும். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது எது என்று இப்போதே பார்த்து வையுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் ஒவ்வொரு டெலிவரிக்கும் இரண்டு வாய் தண்ணீர். வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் உப்பு இறங்கிவிடும், ஓஆர்எஸ் பாக்கெட் பெட்டியில் இருக்கட்டும். தலை சுற்றினாலோ, வியர்வை திடீரென்று நின்று உடம்பு கொதித்தாலோ ஆர்டரைப் பற்றி யோசிக்கவே கூடாது. அருகில் இருக்கும் எந்த ஏசி லாபிக்குள்ளும் போய் உட்கார்ந்து உதவி கேளுங்கள். ஆம்புலன்ஸ் எண் 998.

மழை அபூர்வம், அதனால்தான் மோசம். பல மாதமாகப் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் சாலையை வழுக்கலாக்கிவிடும். 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழையில் இந்த ஊரின் பெரிய சாலைகளே மூழ்கிக் கார்கள் மிதந்தன. தேங்கிய நீருக்குள் பைக்கை இறக்காதீர்கள், ஆழம் தெரியாது. அப்புறம் ரமலான் மாதம். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முந்தைய அரை மணி எல்லாரும் வீட்டுக்கு விரைவார்கள், ஆர்டரும் குவியும். அந்த அரை மணியில் ஓர் ஆர்டர் குறைந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

இனி கம்பெனி விவகாரம். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பாஸ்போர்ட் உங்களுடையது. தொழிலாளியின் ஆவணங்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. "பாதுகாப்புக்காக வைத்திருக்கிறோம்" என்பார்கள். சண்டை வேண்டாம். "ஒரு காரியத்துக்குத் தேவைப்படுகிறது, தாருங்கள்" என்று வாட்ஸாப்பில் எழுதிக் கேளுங்கள், எழுத்தில் இருக்கட்டும். வேலைக்கு எடுத்த செலவை நேராகவோ சுற்றியோ தொழிலாளியிடம் வாங்குவதையும் அதே சட்டம் தடுக்கிறது. சம்பளத்தில் பிடிக்க என்னென்ன காரணங்கள் செல்லும் என்று சட்டத்தில் வரிசையாக இருக்கிறது, எல்லாப் பிடித்தமும் சேர்ந்தாலும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆகவே கொட்டிப்போன ஆர்டருக்கு எவ்வளவு, எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். புரியாத மொழியில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மறுநாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. குடோன் வேலையை விட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் விசாவும் லேபர் கான்ட்ராக்டும் இந்தக் கம்பெனியின் பெயருக்கு மாறிவிட்டதா? மனிதவள அமைச்சகத்தின் ஆப்பில் உங்கள் கான்ட்ராக்ட் தெரியும், இன்றே பாருங்கள். காகிதம் ஒரு கம்பெனியிலும் வேலை இன்னொரு கம்பெனியிலும் இருந்தால், ஒரு விபத்து நடக்கும் நாளில் உங்களுக்கு யாருமே பொறுப்பு இல்லாமல் போகலாம். காகிதம் சரியாக இருந்தால் வேலையில் பட்ட காயத்துக்குச் சிகிச்சைச் செலவு முதலாளியுடையது. சிகிச்சைக் காலத்துக்கு ஆறு மாதம் வரை முழுச் சம்பளம், அதற்கும் தேறாவிட்டால் அடுத்த ஆறு மாதம் பாதி. விழுந்தால், சின்னக் கீறல்தானே என்று எழுந்து போய்விடாதீர்கள். போலீஸ் ரிப்போர்ட் வாங்குங்கள், அது இல்லாமல் எதுவும் நகராது.

அமைச்சகத்தின் எண் 600590000, தொழிலாளர் புகார்களுக்கும் ஆலோசனைக்கும் 80084. இந்தியர் என்றால் துபாயில் உள்ள இந்தியத் தொழிலாளர் உதவி மையம் 800 46342, இலவசம்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ஆர்டருக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர் தன் நல்ல மாதத்தை வைத்து வீட்டுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. 2022 மே மாதம் துபாயில் டெலிவரூ என்ற உணவு டெலிவரி கம்பெனி ஓர் ஆர்டருக்கான கூலியை 10.25 திர்ஹாமிலிருந்து 8.75 ஆகக் குறைக்கப் பார்த்தது. ரைடர்கள் வண்டியை நிறுத்திய பிறகு கைவிட்டது. அன்று அது திரும்பியது, எப்போதும் திரும்பும் என்று சொல்ல முடியாது. இந்த நாட்டில் வேலைநிறுத்தத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் மோசமான வாரத்தை நான்கால் பெருக்கி, அதில் ரூம் வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவதை வைத்துத் தவணை கட்டுங்கள். கூட வருவது கையிருப்பு.

டீம் லீடரிடம் என்ன சொல்வது? நோட்டோடு போங்கள். "அண்ணா, எனக்கு டவர் வாசலில்தான் நேரம் போகிறது, பாருங்கள். இரண்டு வாரம் இந்த ஜோனிலேயே விடுங்கள், ஜோனை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டும்" என்று சொல்லுங்கள். ஆளை மாற்றுவது அவருக்கும் வேலை கூடுதல், புதிதாக வருகிறவனுக்கும் 12 ஆர்டர்தான் வரும். அவருடைய கோபத்தில் பாதி மேலே இருப்பவர்கள் அவரைப் பிடுங்குவதால் வருவது. கணக்கோடு வருகிற ரைடரை அவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படியும் கேட்காமல், சிக்னலைத் தாண்டு, எதிர்ப் பாதையில் போ என்று நேரடியாகச் சொல்லும் இடமாக இருந்தால், அந்தக் கம்பெனியை விட்டுவிடுங்கள். லைசென்ஸ் உங்களுடையது, ஜோன் அறிவும் உங்களுடையது, இரண்டும் வேறு கம்பெனிக்குச் செல்லும்.

எப்போது போதும் என்று முடிவு செய்யலாம்? ஆறு வாரம் நோட்டு எழுதி, ஜோன் நடந்து, அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் வண்டியில் ஏறும்போது கை நடுங்குகிறது என்றால் குடோனுக்கே திரும்பிவிடுங்கள். அது தோல்வி இல்லை. பயம் இருக்கிறவன் கவனமாக ஓட்டுவான் என்பது உண்மை, ஆனால் பயத்திலேயே பத்து மணி நேரம் ஓட்ட உடம்பு தாங்காது. உங்கள் கடிதத்தில் நான் பார்த்தது அந்த வகைப் பயம் இல்லை என்று நினைக்கிறேன். வேகமாகப் போகச் சொன்னதால் வந்த பயம் அது. வேகத்தை எடுத்துவிட்டால் அதுவும் குறையும்.

கடைசியாக, மனைவியிடம் சொல்லுங்கள். அவர் பயப்படுவார், அழவும் செய்யலாம். அதற்காக மறைக்கக் கூடாது. ஏதாவது நடந்தால் அவர் போன் செய்யப் போவது குடோனுக்கு. அங்கே உங்களைத் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள். என்ன ஓட்டுகிறீர்கள், எந்த நேரம் ஷிப்ட், எந்த வழிகளில் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு, கம்பெனியின் பெயர், டீம் லீடர் எண், எமிரேட்ஸ் ஐடி, இன்ஷூரன்ஸ் கார்டு, லேபர் கான்ட்ராக்ட், லைசென்ஸ் எல்லாவற்றின் போட்டோவையும் அவருக்கு அனுப்புங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அதையும். கூடவே ரூம் நண்பர்களில் இரவு போன் அடித்தால் எழுந்து எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணைக் கொடுங்கள், அந்த நண்பரிடம் உங்கள் மனைவியின் எண்ணும் இருக்கட்டும்.